1850-க்கு முந்தின அமெரிக்க கிராமத்து முன்னோர்களை எப்படித் தேடுறது?

சென்சஸ் வழியா 1850 வரைக்கும் போயாச்சு, அதுக்கு மேல வழி தெரியலன்னு கேட்டிருக்கீங்க. அங்கதான் எல்லாரும் நிப்பாங்க, ஏன்னா 1790-ல இருந்து 1840 வரைக்கும் எடுத்ததுல குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான் இருக்கும், மத்தவங்க எல்லாம் இந்த வயசுல ஆம்பளை இத்தனை, பொம்பளை இத்தனைன்னு வெறும் எண்ணிக்கைதான்.

என் வீட்டுக்காரரோட அம்மா வழி, அமெரிக்காவோட கென்டக்கி மாநிலத்து விவசாயக் குடும்பம். அவங்களுக்காகத் தேடினதுல நான் அடிச்சுச் சொல்றது ஒண்ணுதான், ஆளை விட்டுட்டு நிலத்தைப் பிடிங்க. கென்டக்கியோட 1790, 1800 சென்சஸ் ரெண்டுமே இல்ல, ஆனா வரி லிஸ்ட் இருக்கு, அதுல எந்த ஓடைக்கரையில நிலம்னு கூட எழுதியிருப்பாங்க, அதே ஓடையில அதே குடும்பப் பேரோட ஒருத்தர் புதுசா வந்தா பையனுக்கு வரி லிஸ்ட்ல பேர் ஏறுற 21 வயசு ஆயிருக்கும்னு யூகிக்கலாம் (யூகம்தான், வேற பத்திரத்தோட ஒத்துப் பாக்கணும்).

அடுத்தது கிரயப் பத்திரம், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். புருஷன் நிலத்துல மனைவிக்கு சட்டப்படி பங்கு இருந்ததால, விக்கும்போது அந்தம்மாவைத் தனியா விசாரிச்சு சம்மதம் வாங்கி எழுதுவாங்க. வேற எங்கயுமே பேர் இல்லாத பொம்பளைங்க பேர் அதுல கிடைக்கும். அப்பா உயில் எழுதாம போயிட்டா, பிள்ளைங்க சேர்ந்து வித்த பத்திரத்துல கல்யாணமாகிப் போன பொண்ணுங்க, மாப்பிள்ளைங்க பேரு, சிலசமயம் யாரு இண்டியானா போனாங்க மிசௌரி போனாங்கன்னு கூட இருக்கும்! சாட்சிக் கையெழுத்தையும் விடாதீங்க, பல சமயம் அவங்க சொந்தக்காரங்களா இருப்பாங்க.

கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) எல்லை மாறிட்டே இருந்துச்சுங்கறதும் முக்கியம். 1792-ல கென்டக்கி தனி மாநிலமானப்ப 9 கவுண்டி, இப்ப 120. குடும்பம் நகராமலே கவுண்டி மாறியிருக்கும், பழைய பத்திரம், அது பிரிஞ்சு வந்த தாய் கவுண்டியோட கோர்ட்லயே கிடக்கும். நிறைய பத்திரத்தோட ஸ்கேன் ஃபேமிலிசர்ச் தளத்துல ஃப்ரீயாவே கிடைக்குது.

கறுப்பின குடும்பம்னா தடை 1870-லயே வந்துடும். அதுக்கு முந்தின 1850, 1860 சென்சஸோட அடிமைப் பட்டியல்ல முதலாளி பேர் இருக்கும், அடிமையா இருந்தவங்களுக்கு வயசும் பாலினமும் நிறமும்தான், பேர் அனேகமா இருக்காது. மனசு ஆறாது. அதனால முதலாளியோட உயில், சொத்துக் கணக்கு ரெண்டையும் வரி விடாம படிக்கணும், அதுல பேர் சொல்லி எழுதியிருப்பாங்க. விடுதலையான அடிமைகளுக்காக 1865-ல தொடங்கின ஃப்ரீட்மன்ஸ் பேங்க் கணக்கையும் பாருங்க, கணக்கு திறந்தவங்க அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க பேரையெல்லாம் பல பக்கத்துல அவங்களே சொல்லி எழுத வெச்சிருக்காங்க.