ஸ்டர்ஜன் மீனும் கேவியரும்: கேள்வி பதில்

கேள்வி: கடையில் சிவப்பு முட்டையையும் கேவியர் என்கிறார்களே?
பதில்: அது சால்மன் முட்டை. ஸ்டர்ஜன் முட்டைதான் கேவியர்.

கேள்வி: பெலுகா கேவியர் ஏன் இவ்வளவு விலை?
பதில்: பெலுகா என்பது ஸ்டர்ஜனில் ஒரு வகை. காஸ்பியன் கடலின் பெலுகா பெண்மீன் முதல் சினை பிடிக்கவே 15 ஆண்டுக்கு மேல் ஆகும். அப்புறமும் வருடாவருடம் முட்டையிடாது. முட்டைக்காக அதைக் கொல்வதுதான் வழக்கம். ஒருமுறைகூட முட்டையிடாத மீனைப் பிடித்தால் அத்தனை வருட வளர்ப்பும் ஆற்றுக்கு நஷ்டம்.

கேள்வி: குறைந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கலாமா?
பதில்: முதலில் லேபிளைப் பாருங்கள். சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) விதிப்படி டப்பாவைத் திறந்தால் கிழியும் லேபிள் இருக்க வேண்டும். அதில் இனக் குறியீடு, நாடு, ஆண்டு எல்லாம் இருக்கும். பண்ணை மீன் என்றால் ‘சி’, காட்டு மீன் என்றால் ‘டபிள்யூ’. லேபிள் இல்லையா, தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?
பதில்: வேண்டாம். குளிர்ந்த நீரும் நிறைய இடமும் வேண்டிய மீன் அது.

கேள்வி: ஸ்டர்ஜனை அழித்தது கேவியர் தின்பவர்கள். அணைகளைக் குறை சொல்வது திசைதிருப்பல்.
பதில்: இதை ஒப்புக்கொள்ள முடியாது. கடலில் வளரும் பெலுகா முட்டையிட ஆற்றில் ஏற வேண்டும். 1958ல் ரஷ்யாவின் வோல்கோகிராடில் வோல்கா ஆற்றை அணை கட்டி மறித்தார்கள். பெலுகா முட்டையிட்ட இடங்களில் பெரும்பகுதி அணைக்கு மேல்பக்கம், மீனுக்கு எட்டாமல் போய்விட்டது. ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றில் ஹங்கேரியைத் தாண்டியும் ஏறிய மீனை ‘இரும்பு வாயில்’ அணைகள் 1972லும் 1984லும் தடுத்தன. திருட்டு மீன்பிடியும் உண்மைதான். 1991ல் சோவியத் யூனியன் உடைந்ததும் அது கட்டுக்கடங்காமல் போனது. ஆனால் வலையை நிறுத்தினாலும் முட்டையிட இடமில்லாத மீன் எப்படிப் பெருகும்?

கேள்வி: (அதே நண்பர்) அணையைத் தாண்டி மீன் மேலேற மீன் ஏணி (படிப்படியான நீர்வழி) வைத்தால் தீராதா?
பதில்: ஏணிகள் பெரும்பாலும் துள்ளி ஏறும் சால்மனை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. ஸ்டர்ஜன் அடித்தரையை ஒட்டி நீந்தும் பெரிய மீன். வோல்கோகிராடில் மீனை அணைக்கு மேலே ஏற்றிவிடும் தூக்கியே (லிஃப்ட்) இருந்தது, இழப்பை அது ஈடுகட்டவில்லை. மேலேறினாலும் பெரியமீனும் குஞ்சுகளும் திரும்ப இறங்க வழி வேண்டுமே!

கேள்வி: பண்ணை கேவியர் வந்துவிட்டதே, இனி கவலை எதற்கு?
பதில்: நல்ல பண்ணை காட்டு மீன் மீதான சுமையைக் குறைக்கும். அதே பண்ணைப் பெயரில் திருட்டு மீனும் விற்கிறது. டான்யூப் கரை நாடுகளில் வாங்கிச் சோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ பாதி சட்டவிரோதம் என்று 2023ல் ஓர் ஆய்வு வந்தது. சிலவற்றில் ஸ்டர்ஜனே இல்லை.

கேள்வி: லேபிள் இல்லாத டப்பா ஒன்று மலிவாகக் கிடைக்கிறது...
பதில்: மேலே சொல்லிவிட்டேன். வாங்காதீர்கள்.

கேள்வி: மீனைக் கொல்லாமல் முட்டை எடுக்க முடியாதா?
பதில்: முடியும். சில பண்ணைகளில் முற்றிய முட்டையைப் பிதுக்கி எடுத்து மீனைத் திரும்ப விடுகிறார்கள். முற்றிய முட்டை எளிதில் குழையும் என்பதால் தனியாகப் பதப்படுத்த வேண்டும். சுவை வேறு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரே மீனிடம் மறுபடியும் முட்டை எடுக்க முடிகிற முறை அது, எனக்கு அதுவே போதும்.