நாய்க்கு எந்தெந்த உணவு ஆபத்து? கடற்கரை ஊரில் நாய் வளர்ப்பவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சாக்லேட், திராட்சை என்று எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் இருக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பேத்தை மீன்.

கரைவலை இழுத்து முடித்ததும் விலைபோகாத மீன்களை மணலிலேயே வீசிவிட்டுப் போவார்கள். வயிறு பந்துபோல உப்பிக் கிடக்குமே, அதுதான் பேத்தை. எங்கள் நாய் மணி ஒருநாள் காலையில் அதைக் குதறிவிட்டு வந்தான். எச்சில் வடிந்தது, வாந்தி எடுத்தான், கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் துவண்டுவிட்டது. கண் மட்டும் என்னையே பார்க்கிறது, தலையைத் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அத்தை உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார். நல்லவேளை, ஊற்றவில்லை. விழுங்க முடியாத நாய்க்கு எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடும், உப்பு அதிகமானால் அதுவே விஷம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

பேத்தையின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் விஷத்துக்கு டெட்ரோடோடாக்சின் என்று பெயர். வேகவைத்தாலும் போகாது. மாற்று மருந்தும் கிடையாது. மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். மணி அதிகம் விழுங்கவில்லை போல. மறுநாள் மதியம் எழுந்து நின்றான்.

வீட்டுக்குள் என்றால் வெங்காயம். பிரியாணி மிச்சம், குழம்புச் சோறு என்று நாம் அன்பாகப் போடுவது எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வெந்திருந்தாலும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூண்டும் அப்படித்தான். 10 கிலோ நாய்க்கு ஒரே நேரத்தில் 50 கிராம், அதாவது ஒரு நடுத்தர வெங்காயத்தில் பாதியே ஆபத்து. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் சிவந்து போகும்போது வெங்காயத்தின் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று அளவே கிடையாது. சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிடால் என்ற இனிப்பு சேர்த்த சூயிங்கம், கருவாடு, வெந்த கோழி எலும்பு, இவையும் வேண்டாம்.

இப்போது மணிக்குச் சோறும், உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த சூடை மீனும்தான். அந்த முள்ளை எடுத்து முடிப்பதற்குள் எனக்கே பசி வந்துவிடுகிறது. கடற்கரையில் கயிற்றை மட்டும் கையை விட்டு விடுவதில்லை.