வீடு அவர் பெயரில், கடன் இருவர் பெயரில்: விவாகரத்தானால்?

"வீடு கணவர் பெயரில் இருக்கிறது, கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விவாகரத்தானால் பாதி வீடு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தானாகக் கிடைக்காது. இந்து திருமணச் சட்டம், 1955-இல் சொத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் விதி இல்லை. ஆனால் முன்பணமோ தவணையோ உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தால் பங்கு கோரலாம். அந்த பாஸ்புக் பக்கங்களை இப்போதே நகலெடுத்து வையுங்கள். சம்பாதிக்காமல் குடும்பத்தைக் கவனித்த மனைவியின் உழைப்பும் சொத்துக்கான பங்களிப்புதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மிக நியாயமான தீர்ப்பு. ஆனாலும் எல்லா வழக்குக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்பிவிட வேண்டாம்.

நகையும் சீரும் சீதனம். மாமியார் வீட்டு லாக்கரில் இருந்தாலும் உங்களுடையவை.

எனக்கு உண்மையில் கவலை தருவது கடன்தான். நீதிமன்றத்தில் நீங்கள் இருவரும் செய்துகொள்ளும் ஏற்பாடு வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணை தவறினால் முழுத் தொகையையும் உங்களிடம் கேட்பார்கள், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் உங்கள் சிபில் ஸ்கோரும் விழும். "கடனை நானே கட்டுகிறேன்" என்று அவர் மனுவில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. கடனிலிருந்து உங்கள் பெயரை நீக்கியதாக வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இறுதி ஒப்புதல் கொடுங்கள்.