மலையில் தினசரிக்கு ஒரு வேக வண்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படகர் சிற்றூர், எங்கள் ஊர். வேலை குன்னூரில். இத்தனை நாளும் பேருந்திலும் நண்பர்களின் பைக்கிலும் போய்வந்துவிட்டேன். இப்போது வீட்டுக்கு முதல் கார் வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். கோவையில் ஒருவரிடம் டாடா டியாகோ காரின் வேக வடிவமான ஜேடிபி, 2019 மாடல், விலைக்கு இருக்கிறது. அதை ஓட்டிப் பார்த்ததிலிருந்து வேறு எந்த வண்டியிலும் மனம் ஒட்டவில்லை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்த மலையில அதை வச்சு என்ன பண்ணப் போறே? அந்தக் காசுக்கு ஒரு பழைய பொலிரோ வாங்கு, மழையிலயும் போகும், காய் மூட்டையும் ஏத்தலாம்" என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

நீங்கள் குன்னூரில் பல வருடங்களாக ஒரு டர்போ பெட்ரோல் வண்டியைத் தினசரிக்கு ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள். உண்மையில் எப்படி இருக்கிறது? நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள். ஏற்கெனவே வாகனங்களால் திணறும் மலையில் இப்படி ஒரு வண்டிக்கு ஆசைப்படுவது சரியா என்ற உறுத்தலும் இருக்கிறது.

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பா சொல்வதில் பாதிக்கு மேல் சரி. அதை மறுக்காமலேயே மீதியை எழுதுகிறேன்.

கட்டுப்படியாகும் விலையில் ஸ்போர்ட்ஸ் கார் என்று வெளிநாட்டில் சொன்னால் மாஸ்டா எம்எக்ஸ்-5 போல இரண்டு பேர் உட்காரும், கூரை திறக்கும் வண்டிகள் நினைவுக்கு வரும். நம் ஊரில் அந்த வகை வேர் பிடிக்கவே இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் கோவாவில் சான் ஸ்டார்ம் என்ற சிறு வண்டியைச் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. நம் வரி விதி வேறு மாதிரி. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால்தான் வரி குறைவு. அதனால் இங்கே வேகத்தை விரும்பும் நடுத்தர வீட்டுக்குக் கிடைத்ததெல்லாம் சின்ன உடம்பில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்திய ஹேட்ச்பேக்குகள், அதாவது பின்கதவு மேலே திறக்கும் சிறு கார்கள். போலோ ஜிடி டிஎஸ்ஐ, பலேனோ ஆர்எஸ், ஐ20 என் லைன் எல்லாம் இந்தக் குடும்பம். அபார்த் புன்டோ மட்டும் 1.4 லிட்டர் இன்ஜினோடு அந்த வரம்பைத் தாண்டி 2015இல் வந்தது.

நீங்கள் பார்த்திருக்கும் ஜேடிபிக்கு நம்மோடு ஓர் உறவு உண்டு. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து உருவாக்கி 2018 அக்டோபரில் வெளியிட்ட வண்டி அது. 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர் இழுவிசை, அறிமுக விலை 6.39 லட்சம். 2020இல் நிறுத்திவிட்டார்கள். நான் ஓட்டுவது அதே காலத்து வேறொரு டர்போ ஹேட்ச்பேக், மேனுவல் கியர். அதன் பெயரைத் தவிர்க்கிறேன். கீழே சொல்லப்போகும் குறைகள் ஒரு நிறுவனத்துடையவை அல்ல, இந்த வகைக்கே உரியவை.

முதலில் மலை இன்ஜினை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். டர்போ இல்லாத இன்ஜின் தனக்குக் கிடைக்கும் காற்றை வைத்துத்தான் எரிக்க முடியும் என்பதால், பலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். கீழேயிருந்து வருகிறவர்கள் "வண்டியில பிக்கப்பே இல்ல" என்று மெக்கானிக்கிடம் போய் நிற்பது இதனால்தான். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே மலைக்கு டர்போ ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலையில்தான் அதற்கு உண்மையான வேலை இருக்கிறது.

ஆனால் அந்த டர்போ விழித்திருக்க வேண்டும். மேட்டுப்பாளையம்-குன்னூர் சாலையில் பர்லியார் தாண்டி ஏறுகிறீர்கள், முன்னால் ஒரு அரசுப் பேருந்து. கொண்டை ஊசி வளைவில் அது முழுச் சாலையையும் எடுத்துத் திரும்பும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். செகண்ட் கியரில் இன்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 1,500க்குக் கீழே இறங்கிவிடும். அந்த இடத்தில் டர்போ ஒன்றும் செய்யாது. சின்ன இன்ஜின் மட்டும் தனியாக முக்கிக்கொண்டு நிற்கும். ஃபர்ஸ்ட் போட்டால் உறுமித் துள்ளும். செகண்ட் போதாமல், ஃபர்ஸ்ட் அதிகமாகி, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் இந்தத் தொல்லை தினமும் உண்டு. இதைச் சமாளிக்கப் பலர் ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடியே, இழுத்து ஓட்டுகிறார்கள். மலையில் கிளட்ச் சீக்கிரம் போவதற்கு அதுவே முதல் காரணம். கூச்சப்படாமல் ஃபர்ஸ்டுக்கு இறங்குங்கள். முன்னால் போகும் பேருந்துக்கு ஒரு வளைவு இடைவெளி விட்டு ஏறினால் நிற்க வேண்டிய தேவையே பாதி குறையும்.

இனி நல்ல பக்கம். சீசன் இல்லாத ஒரு வாரநாள், காலை ஆறரை மணி, கோத்தகிரியிலிருந்து எடப்பள்ளி வழியாகக் குன்னூர். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை வளைந்து வளைந்து போகிறது. தேர்ட் கியர். ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு, திருப்பிய நொடியில், வண்டி திரும்புகிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உடம்பு ஒரு பக்கம் சாய்வதில்லை. வளைவின் நடுவில் காலை மெல்ல அழுத்தினால் முன்சக்கரங்கள் சாலையைப் பற்றி இழுப்பது கையில் தெரிகிறது. அப்போது வேகமானியைப் பாருங்கள், 40ஐத் தாண்டியிருக்காது. சமவெளி நெடுஞ்சாலையில் இந்த வண்டியை உணர 120 போக வேண்டும், அங்கே அது குற்றம். மலையில் சட்டத்துக்குள், யாரையும் பயமுறுத்தாமல், பால் வாங்கப் போகும் வேகத்திலேயே அந்த இன்பம் கிடைக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் இந்த வண்டியை வைத்திருப்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை. மலைக்காரனுக்குத்தான் இந்த வண்டி அதிகம் பொருந்தும் என்று நான் நம்புகிறேன்.

இறங்கும்போதும் இதன் குணம் தெரியும். எடை குறைவு என்பதால் பிரேக்குக்குச் சுமை குறைவு. ஆனாலும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய பாடம் இதற்கும் பொருந்தும். சின்ன இன்ஜின், பெரிய டீசல் வண்டி அளவுக்கு இறக்கத்தில் இழுத்துப் பிடிக்காது. ஆகவே செகண்டை விட்டு மேலே போகாதீர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பிடிப்பில்லாமல் தரைவரை போய்விடும். வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடாததற்கு அங்கே நடந்த விபத்துகளே காரணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயில் ஈரம் இழுத்துச் சீக்கிரம் கொதிக்கும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ள விதி, நம் ஊர்க்காரர்களே அதை மறந்துவருகிறார்கள்.

அம்மாவுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். இந்த வகை வண்டிகளின் சஸ்பென்ஷன் (சாலை அதிர்வைத் தாங்கும் அமைப்பு) விறைப்பானது. வளைவில் சாயாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. மழைக்காலம் முடிந்து சாலை குழிகுழியாகக் கிடக்கும்போது ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டில் தெரியும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். இருக்கை தாழ்வு என்பதால் உட்காரும்போதும் எழும்போதும் முழங்காலை நன்றாக மடக்க வேண்டும். பொலிரோவில் சிரமம் வேறு மாதிரி, அதில் காலை உயரத் தூக்கி ஏற வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்று கவனித்திருக்கிறேன். உயரமான, மெத்தென்ற வண்டிகளில் ஏறினால் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டே மலையடிவாரக் கல்லாறு வரை இறங்குகிறவர்கள் என் வண்டியில் தலைசுற்றல் இல்லாமல் வந்திருக்கிறார்கள். இப்படியும் அப்படியும் ஆடாததால் வயிறு தப்பிக்கிறது, முதுகு மாட்டிக்கொள்கிறது. உங்கள் அம்மாவுக்கு இரண்டில் எது பெரிய தொல்லை என்பதை அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாழ்வான இருக்கைக்கு இன்னொரு குறை. உயரமான வண்டியில் இருப்பவருக்குத் தேயிலைச் செடிகளுக்கு மேலாக எதிரே வருவது தெரிந்துவிடும், நமக்குத் தெரியாது. மூடுபனியில் இது அதிகம் உறுத்தும். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் எதிரே நிற்கும். லோ பீமில், சாலையோரக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் கொடுத்து ஊர்ந்துதான் போக வேண்டும். காட்டுமாடு கருப்பாக, அசையாமல் சாலையில் நின்றுகொண்டிருக்கும். அதற்கு முன்னால் எந்த பிரேக்கும் போதாது.

வண்டியின் அடி தரையில் தட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். பிரதான சாலையில் பிரச்சினை இல்லை. வீட்டுக்குப் போகும் கடைசித் தூரம்தான் சோதனை. சரிவில் கட்டிய வீடுகள், செங்குத்தாக ஏறும் கான்கிரீட் பாதை, குறுக்கே மழைநீர் ஓட விட்ட சாக்கடைப் பள்ளம், அளவில்லாமல் போட்ட வேகத்தடை. நான்கு பேர் உட்கார்ந்தால் வண்டி இன்னும் தாழும். உங்கள் வீட்டுப் பாதை மண்பாதையாக இருந்தால் இந்தக் கடிதத்தை இத்தோடு மடித்துவிட்டு அப்பா சொன்னதைக் கேளுங்கள். மூட்டைக்காக மட்டும் கேட்க வேண்டாம், அதற்கு வாடகைக்கு பிக்கப் வண்டி கிடைக்கும்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மலையில் லிட்டருக்குப் பத்து, பதினொரு கிலோமீட்டர் கிடைக்கிறது, சீசன் நெரிசலில் அதுவும் இல்லை. டயர் விலை அதிகம், குழியில் அடிபட்டுப் பக்கவாட்டில் புடைத்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். ஜனவரி உறைபனிக் காலையில் இன்ஜின் சூடேறும்வரை மெதுவாகப் போங்கள், ஆயில் இளகி டர்போவுக்குப் போய்ச்சேர அவகாசம் வேண்டும். நீண்ட ஏற்றம் ஏறி முடித்ததும் உடனே அணைக்காமல் அரை நிமிடம் ஓடவிடுங்கள்.

உறுத்தல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி உங்களுக்கு வந்ததே எனக்கு மகிழ்ச்சி. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. பிறகு வாகன எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு எண் உள்ள உள்ளூர் வண்டிகளுக்கு அதிலிருந்து விலக்கு. ஊரில் வாழ்கிறோம் என்பதற்காகக் கிடைத்த சலுகை அது. தினமும் வேலைக்குப் போக ஒரு சிறிய கார் வைத்துக்கொள்வதில் தவறு எதுவும் இல்லை. சைலன்சரை மாற்றி அலற விடுவது தவறு. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, பர்லியார் பகுதிகளில் சாலையோரம் குட்டிகளோடு நிற்கும் யானைகளுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இத்தனை நிமிடத்தில் இறங்கினேன் என்று நேரம் பார்ப்பது அதைவிடத் தவறு. அந்தச் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் நடக்கிறார்கள். வேகம் வேண்டுமென்றால் கோவைக்குப் போங்கள். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, பந்தயத்துக்கென்றே போட்ட தடம்.

என் முடிவைக் கேட்டால், வீட்டுப் பாதை தார்ச்சாலையாக இருந்து, அம்மாவால் சிரமமில்லாமல் ஏறி இறங்க முடிந்தால், வாங்குங்கள். கோவையில் ஓட்டிப் பார்த்தது போதாது. விற்பவரிடம் பேசி, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை ஏற்றிக் கொண்டுவாருங்கள். அம்மாவும் அப்பாவும் பின்சீட்டில் உட்காரட்டும், உங்கள் வீட்டு வாசல்வரை போங்கள், அடியில் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். முன் பம்பரின் கீழ் விளிம்பில் உரசிய தடம் இருக்கிறதா, ஏற்றத்தில் அழுத்தும்போது பின்னால் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். தயாரிப்பு நின்ற எந்த வண்டிக்கும் அதற்கென்றே செய்த பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டிவரும், ஆகவே எவை பொதுவான டியாகோவோடு பொருந்துபவை, எவை பொருந்தாதவை என்று சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகக் கிளட்ச். ஏற்றத்தில் தேர்ட் கியரில் நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கழிக்க மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.