வாசகர் கேள்விகள்: அம்மாவின் கை எங்கே போகிறது?

என் அம்மாவுக்கு 76 வயது. போன மாதம் ராத்திரி பாத்ரூம் வாசலில் தடுமாறி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. சுவரில் கைப்பிடி பொருத்தலாம் என்றால், "என்னை இப்பவே நோயாளி ஆக்கிடாதே" என்று கோபப்படுகிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கைப்பிடிப் பேச்சையே ஒரு வாரம் எடுக்காதீர்கள். அம்மா படுக்கையை விட்டு எழுந்து, பாத்ரூம் போய், திரும்பி வந்து படுக்கும் வரை அவர் கை எங்கெல்லாம் போகிறது என்று மட்டும் பாருங்கள். பகலில் சுவரைப் பார்த்தாலே தெரியும். ஒரே இடத்தில் கை பட்டுப் பட்டு அழுக்கேறியிருக்கும், குழாய் லேசாக ஆடும், துண்டு போடும் கம்பியின் திருகு கழன்று நிற்கும். அம்மா ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார், ஆனால் ஆள் கனத்தைத் தாங்காததைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். என் பெரியம்மா விழுந்தபோது அவர் கையில் இருந்தது அந்தத் துண்டுக் கம்பிதான், சுவரை விட்டு அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது.

இந்த இடங்களை அம்மாவிடமே காட்டி, "நீ பிடிக்கிற இடத்துலயே ஆடாத ஒண்ணைப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். எந்த உயரம் என்பதையும் அவரே நின்று கையை வைத்துக் காட்டட்டும். பொதுவாகத் தரையிலிருந்து 84 முதல் 91 சென்டிமீட்டர் வரை சரியாக இருக்கும். கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கிற கனம் போதும், அதாவது 3 முதல் 4 சென்டிமீட்டருக்குள். சுவரில் துளை போட்டு, கனம் தாங்கும் திருகு இறக்கித்தான் பொருத்த வேண்டும். காற்றை உறிஞ்சி டைல்ஸில் ஒட்டிக்கொள்கிற ரகத்தை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள், அது எப்போது விட்டுக்கொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம், விழுந்ததற்குத் தரை மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் வயதானவர்கள் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, இரண்டடி வைப்பதற்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் அம்மாவைப் படுக்க வைத்து ஒரு தடவையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுபடியும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு அதிகமாகக் குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் தூக்க மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்கூடத் தள்ளாட வைக்கும். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். அதுவரை, எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும்.

வெளிச்சமும் முக்கியம். 20 வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணுக்குள் போகிறது, அதனால் உங்களுக்குப் போதுமான விளக்கு அவருக்குப் போதாது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையை ஒட்டி இரண்டு மூன்று சிறு விளக்குகள், படுத்தபடியே கைக்கு எட்டும் ஒரு ஸ்விட்ச், இவ்வளவு போதும். பாத்ரூம் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க முடிகிற மாதிரி மாற்றிவிடுங்கள். உள்ளே விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொண்டுவிடும் என்பதால், கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருந்தால் இன்னும் நல்லது.

அப்பாவுக்கு ஞாபக மறதி ஆரம்பித்திருக்கிறது. அவர் பத்து நாள் அக்கா வீட்டுக்குப் போகும்போது, பாதுகாப்புக்காக வீட்டை முழுக்க மாற்றி அமைத்துவிடலாமா?

வேண்டாம். அந்த வீட்டில் கட்டில் எங்கே, அலமாரி எங்கே என்பது அவர் மனதில் இருப்பதைவிடக் காலில் இருக்கிறது, திரும்பி வரும்போது அந்த வழி இல்லையென்றால் ராத்திரி நிச்சயம் தடுமாறுவார். மேஜை நாற்காலிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சுருண்டு கிடக்கும் கால்மிதி, நடக்கிற வழியில் ஓடும் ஒயர், ஆடும் ஸ்டூல், இவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். தினமும் தேடுகிற பொருட்களைத் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள தட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் ஸ்டூலே தேவைப்படாது. படிக்கட்டு இருந்தால் ஒவ்வொரு படி விளிம்பிலும் படியின் நிறத்துக்கு எதிரான நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். குளியல் வெந்நீரையும் கவனியுங்கள். 60 டிகிரி செல்சியஸில் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும், ஹீட்டரை 49 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்தால் நல்லது.

மாமியார் ஒரு தடவை விழுந்த பிறகு பயத்தில் நாற்காலியை விட்டே எழுவதில்லை. உட்கார்ந்திருந்தால் பத்திரம்தானே என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை. உட்கார உட்காரத் தொடைச் சதை மெலியும், எழுவதே கஷ்டமாகி அடுத்த தடவை விழுவதற்கு அதுவே காரணமாகும். கை வைத்த, ஆடாத நாற்காலியை அதன் முதுகு சுவரை ஒட்டியிருக்கும்படி போட்டு, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, மெதுவாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதலில் மூன்று தடவை போதும். கொஞ்சம் தேறிய பிறகு, எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். விழுந்தால் எழுவது எப்படி என்பதையும் அவர் சொல்லித் தருவார்: பக்கவாட்டில் புரண்டு, முட்டி போட்டு, தவழ்ந்து நாற்காலி வரை போய், அதைப் பிடித்து எழுவது. அத்தையின் பயத்தில் பாதி, விழுந்தால் தனியாகக் கிடக்க வேண்டியிருக்குமே என்பதாக இருக்கலாம். போனை அலமாரியில் வைக்காமல், கழுத்தில் மாட்டும் சிறு பையில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள்.