கேம்ரியா, அக்கார்டா? பணக்கணக்கு என்ன சொல்கிறது

கேள்வி: வேலைக்குப் போய்வர தினமும் 40 கி.மீ. ஓட்டுகிறேன். வார இறுதியில் அப்பா, அம்மாவும் வருவார்கள். டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்டு இரண்டில் எது சிக்கனம்? 7 வருடக் கடன் போட்டால் டாப் மாடலே வாங்கலாம் என்கிறார்கள்.

பதில்: எந்த கம்பெனி என்பதைவிட எந்த வேரியன்ட் என்பதில்தான் உங்கள் பணம் அதிகம் போகும். வருடத்துக்கு 300 நாள் என்றால் 12,000 கி.மீ. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ அளவீட்டில், 2025 கேம்ரி ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) அடிப்படை மாடல் லிட்டருக்குச் சுமார் 21.7 கி.மீ. தருகிறது, அக்கார்டு ஹைபிரிட் இஎக்ஸ்-எல் 20.4. வருடம் முழுக்க ஓட்டினாலும் வித்தியாசம் 35 லிட்டர்தான். அதே அக்கார்டு ஹைபிரிடில் 19 அங்குல வீல் போட்ட டூரிங் மாடலை எடுத்தால் 18.7 ஆகிவிடுகிறது. கூடுதலாக 50 லிட்டருக்கு மேல்! அப்புறம் டயர் மாற்றும்போது இஎக்ஸ்-எல்லின் 17 அங்குல டயரைவிடச் செலவும் அதிகம். டயரின் பக்கவாட்டில் 235/40 ஆர்19 என்று இருக்கும். அந்த அளவுக்கு விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஹைபிரிட் இல்லாத 1.5 லிட்டர் டர்போ அக்கார்டு லிட்டருக்கு 13.6 கி.மீ. தான். இஎக்ஸ்-எல் ஹைபிரிடைவிட வருடத்துக்கு 290 லிட்டருக்கு மேல் அதிகம் குடிக்கும். உங்கள் ஊர் பெட்ரோல் விலையால் அதைப் பெருக்கி, ஹைபிரிடுக்குக் கேட்கும் கூடுதல் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

7 வருடக் கடன் வேண்டவே வேண்டாம். 9% வட்டியில் 100 ரூபாய் கடனுக்கு 5 வருடத்தில் வட்டி சுமார் 24.50, 7 வருடத்தில் 35. மாதத் தவணை குறைவது கண்ணுக்குத் தெரியும், இந்தப் பத்து ரூபாய் தெரியாது. 5 வருடத் தவணை கட்ட முடியாத மாடல் என்றால் அது உங்கள் வருமானத்துக்கு மேற்பட்டது, ஒரு படி கீழே இறங்குங்கள்.

தனியாகவே ஓட்டுவதானால் அடிப்படை கேம்ரியைச் சொல்வேன். பெற்றோர் வருவதால் என் ஓட்டு அக்கார்டு இஎக்ஸ்-எல் ஹைபிரிடுக்கு. பின்சீட்டில் கால் நீட்ட கேம்ரியைவிடச் சுமார் 7 செ.மீ. கூடுதல் இடம். ஆனாலும் ஷோரூமுக்கு அவர்களையும் அழைத்துப் போங்கள். முன்சீட்டை நீங்கள் ஓட்டும் நிலையில் வைத்துவிட்டு, அம்மா பின்னால் ஏறி உட்கார்ந்து, இறங்கிப் பார்க்கட்டும். முழங்கால் இடிக்கிறதா, எழும்போது கை எதையாவது தேடுகிறதா என்று கவனியுங்கள்.