வான் ஹெல்சிங்கை மட்டும் குறை சொல்லாதீர்கள்

"டிராகுலா நாவலில் லூசியைச் சுற்றி இவ்வளவு காவல் இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே, வான் ஹெல்சிங் அத்தனை கையாலாகாதவரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இல்லை என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும்.

லூசி, டிராகுலா என்ற ரத்தக்காட்டேரி இரவில் வந்து ரத்தம் குடிக்கும் இளம்பெண்; வான் ஹெல்சிங் அவளைக் காப்பாற்ற வந்த டாக்டர். அவர் செய்ததைப் பாருங்கள். ரத்தக்காட்டேரியை அண்டவிடாத பூண்டுப் பூக்களை நெதர்லாந்தின் ஹார்லெமிலிருந்து வரவழைக்கிறார். ஜன்னல், கதவு, கணப்படுப்பு என்று ஒரு சந்து விடாமல் தேய்க்கிறார். லூசியின் கழுத்திலும் மாலையாகப் போடுகிறார். இன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். லூசியும் அன்று பயமில்லாமல் படுக்கிறாள். மறுநாள் காலை அவளுடைய அம்மா சிரித்த முகத்தோடு வந்து, பெருமை முழுவதும் உங்களுக்கே இல்லை டாக்டர் என்கிறாள். இரவில் எட்டிப் பார்த்தாளாம், அறை புழுங்கியதாம், நாற்றமடித்த பூக்களை எடுத்துவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாளாம். அவள் போகும்வரை முகம் மாறாமல் நின்ற அந்தக் கிழவர், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு விம்மி அழுகிறார். ரத்தக்காட்டேரி தலையே காட்டாத பக்கம் அது. எனக்கு முழு நாவலிலும் உடல் சிலிர்த்த இடம் அதுதான்.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்பீர்கள். அவளுக்கு இதயம் பலவீனம், அதிர்ச்சி தாங்காது. அதை அவளும் மகளிடம் மறைத்திருந்தாள். இவள் நோயை அவளுக்குச் சொல்லவில்லை, அவள் நோயை இவளுக்குச் சொல்லவில்லை. எல்லாம் பாசத்தால்தான்.

எங்கள் வீடு திருநெல்வேலியில். நான்கு வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். உப்பு கூடாது, தண்ணீரும் அளந்துதான். ஆச்சிக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. பிள்ளைக்கு இதயநோய் என்றால் தாங்கமாட்டார்கள், வெறும் காய்ச்சல் என்று சொல் என்றான் அண்ணன், துபாயிலிருந்து. சொன்னேன். அப்பாவுக்குத் தனிச் சமையல், தனிப் பாத்திரம். உப்பு ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தேன்.

ஆறாம் நாள் அப்பாவின் கால்கள் வீங்கின. இரவில் மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு இரைத்தது. ஆட்டோவுக்கு ஓடும்போது ஆச்சி என்னைக் கடிந்துகொண்டார்கள்: "வாய்க்கு ருசியாக எதையும் தராமல் பிள்ளையை வதைத்தாய். மத்தியானம் நான்தான் கஞ்சியும் உப்பு நார்த்தங்காயும் கொடுத்துத் தேற்றினேன்." என்ன பெருமை அந்த முகத்தில்! அப்பாவும் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நாளும் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார்.

ஆச்சியைக் குற்றவாளி ஆக்குகிறேன் என்று யாராவது கருத்து எழுத வருவீர்கள். இல்லை. ஜன்னலைத் திறந்தவளிடம் பூ எதற்கென்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். 1897இல் வந்த நாவல், அதை இதயநோயோடு முடிச்சுப் போடுவதா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: வான் ஹெல்சிங்கின் கூட்டம் பிறகு லூசியின் தோழி மீனாவிடமும் அவள் நன்மைக்கென்று எல்லாவற்றையும் மறைக்கிறது. என்ன ஆகிறது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

அப்பா தேறிவிட்டார். மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே ஆச்சியிடம் உள்ளதைச் சொன்னேன். மயங்கி விழவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஊறுகாய் ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் முடியவில்லை. தொலைபேசியில் குடும்பம் நடத்தும் அண்ணன்மார்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள் போலிருக்கிறது. போன பொங்கலுக்கு வந்தவன் எல்லோர் முன்னிலையிலும், "ஆச்சியிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே, படித்தவள்தானே நீ" என்றான். சொல்லாதே என்று அவன் அனுப்பிய செய்தி இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.